சின்ன வெங்காயத்துக்குப் பின்னால் ஒரு கிறீச்

வாங்க தங்கச்சி. வாசலிலேயே நின்றுகொண்டு மைக்கைக் கொடுங்கன்னா எப்படி? கொடுக்கத்தான் போறேன், அது எங்கே ஓடிவிடப் போகுது? ஹெல்மெட்டைக் கழற்றி ஜன்னல்மேல் வையுங்க. அந்தப் பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு உட்காருங்க. எனக்கு இந்த மடக்கு நாற்காலிதான் தோது. ஃபேன் போடவா? இப்போ போடலாம். இந்த வீட்டில் ஃபேன் சுற்றியே ரொம்ப நாளாச்சு. பாருங்க, தூசி எப்படிப் பறக்குது.

என்ன காரணத்துக்காகத் திருப்பி அனுப்புறேன்னு கேட்கிறீங்க. உங்க போனிலேயே காரணமெல்லாம் போட்டிருக்குதா, வாசிங்க பார்ப்போம். பொருள் பழுது. பிடிக்கவில்லை. வேறு பொருள் வந்துவிட்டது. இப்போது தேவை இல்லை. அவ்வளவுதானா? என் கதை இதில் எதற்குள்ளேயும் அடங்காதே தங்கச்சி. முழுசாக் கேட்டுட்டு எது பொருந்துதோ அதை நீங்களே அமுக்கிக்கோங்க.

வீட்டில் அம்மா இல்லையான்னா? என் வீட்டுக்காரி பூரணத்தைக் கேட்கிறீங்களா? அவள் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள், சங்கரன்கோவிலுக்கு. சும்மா ஒரு மாறுதலுக்கு. கோபமா? சே சே. என்மேல் அவளுக்கு என்ன கோபம்? சேலை நாலை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, "இனிமே உங்க வீட்டுல ஒரு சத்தமும் இருக்காது, நிம்மதியா இருங்க" என்று வாழ்த்திவிட்டுத்தான் போனாள். கோபம் இருக்கிறவள் அப்படிச் சொல்வாளா?

என்னை அடையாளம் தெரியலையா? முகத்தை விடுங்க. காலையில் உங்க தெருவுக்கு வெங்காய வண்டி வருதா? வருதில்லையா? "அம்மா வாங்க, அக்கா வாங்க, சின்ன வெங்காயம் வந்திருக்கு, உரிச்சாக் கண்ணு கலங்கும், வதக்கினா வீடு மணக்கும்..." அது யார் குரல்? ஆங்! இந்தத் திரவியத்தின் குரல். முட்டை வண்டி நான்தான். உப்பு வண்டி நான்தான். பழைய இரும்பு, ஈயம், பித்தளை வண்டியும் நான்தான். தென்காசியில் தெருவுக்குத் தெரு நான்தான் வித்துக்கிட்டிருக்கேன், வீட்டைவிட்டு எழுந்திருக்காமலே.

"நீங்கதானா அது"ன்னு ஆளுக்கொரு மாதிரி சொல்வாங்க. நீங்க சொன்னதில் சந்தோஷம் கொஞ்சம் குறைச்சலா இருக்கே. வீட்டுக்காரர் ராத்திரி வேலையா? பகலில்தான் தூங்குவாரா? அதுக்கு நான் என்ன தங்கச்சி செய்ய? வெங்காயம் சமைக்கிறவங்களுக்குத்தானே, தூங்குகிறவங்களுக்கு இல்லையே.

என்ன, குனிஞ்சு பார்க்கிறீங்க? எலியெல்லாம் கிடையாது. பயப்படாம உட்காருங்க.

நான் படிக்காதவன். பஸ் போர்டை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அதற்குள் பஸ் போய்விடும். ஆனால் காது இருக்கு பாருங்க, காது! தெருமுனையில் பைக் திரும்பினால் யார் வண்டின்னு சொல்லிடுவேன். நீங்க வந்தீங்களே, சங்கிலி தளர்ந்து போயிருக்கு உங்க வண்டியில், பார்த்துக்கோங்க. இந்தக் காதை வைத்துக்கொண்டுதான் சைக்கிளில் கொசுவலை விற்றேன், மீசை கறுப்பாக இருந்ததிலிருந்து அது வெள்ளையாகிற வரைக்கும். எந்த வீட்டில் ராத்திரி படார் படார்னு அடிச்சுக்கிட்டாங்களோ, அந்த வீட்டு வாசலில் காலையில் நான் நிற்பேன்.

சைக்கிள் மிதித்துக்கொண்டே கூவி விற்கிறது ஒரு தனி வேலை. எல்லோராலும் முடியாது. வலது கால் மிதிக்கும்போது "கொசு" வரணும், இடது கால் மிதிக்கும்போது "வலேய்" வரணும். காலும் தொண்டையும் ஒன்றாக ஓடணும். கொசு... வலேய். கொசு... வலேய். நின்றுகொண்டு கத்துகிறவன் குரல் பத்து வீட்டில் அடைத்துவிடும். என் குரல் குற்றாலம் போய்த் திரும்பி வந்தாலும் அப்படியே இருக்கும். இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது, உடம்பே கண்டுபிடிச்சது.

பிறகு முழங்கால் போயிருச்சு. சைக்கிளைத் தொடாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். அப்போதான் வெங்காய வியாபாரி தவசி வந்தான். "அண்ணாச்சி, கால்தானே போச்சு, குரல் இருக்குல்லா? போன்ல பேசிப் பதிஞ்சு குடுங்க, நான் ஸ்பீக்கர்ல போட்டுக்கிடுதேன்" என்றான். பதிந்து கொடுத்தேன். அவனைப் பார்த்து முட்டைக்காரன் வந்தான், உப்புக்காரன் வந்தான். நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு ஒருநாள் தவசி தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. புது ஸ்பீக்கர் வாங்கியிருக்கேன், பெருசு. அதுல போட்டா உங்க குரலுக்குப் பின்னால ஒரு சத்தம் வருது. கிறீச், கிறீச்னு. வண்டி அச்சு முறியப்போகுதுன்னு சனங்க ஒதுங்கிப் போறாங்க. பூங்கா பக்கத்துல ஒரு அம்மா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோட வந்துட்டா, சக்கரத்துக்கு ஊத்தணும்னு."

போட்டுக் காட்டினான். தங்கச்சி, என் குரல் மாலை போட்ட மாப்பிள்ளை மாதிரி வருது, பின்னாலேயே அந்தக் கிறீச் ஓட்டைச் செருப்போடு வருது.

"இதைச் சரிபண்ணிக் குடுங்க அண்ணாச்சி. இல்லன்னா கம்ப்யூட்டரே பேசுதாம், பொம்பளைக் குரல்ல. அதைப் போட்டுக்கிடுதேன்" என்றான்.

கம்ப்யூட்டருக்குச் சின்ன வெங்காயத்தைப் பற்றி என்ன தெரியும்? உரிச்சிருக்குமா? எனக்கு ரோசம் வந்துவிட்டது. மருமகனுக்குப் போன் போட்டேன். அவர்தான் நல்ல மைக்கா ஒன்று வரவழைத்துக் கொடுத்தார், நீங்க எடுக்க வந்திருக்கிறதுதான். ஹெட்போனும் கொடுத்தார், யோசனையும் கொடுத்தார். "மாமா, வீட்டில் ஓடுகிறதை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்க. எதை நிறுத்தினால் சத்தம் நிற்குதோ, அதுதான் ஆள்." நல்ல யோசனைதானே? போலீஸ்காரங்களும் அப்படித்தான் பிடிக்கிறாங்க.

முதலில் ஃபேன். நிறுத்தினேன். கிறீச் நிற்கவில்லை. அதற்காகத் திரும்பப் போட்டேனா? போடவில்லை. நல்லாக் கவனிங்க, இதில் ஒரு சூட்சுமம் இருக்கு. ஒருவேளை அதுவும் இன்னொன்றும் கூட்டுச் சேர்ந்து சத்தம் போட்டால்? அதனால் நிறுத்தியது நிறுத்தியபடியே இருக்கணும்னு முடிவு பண்ணினேன்.

அடுத்தது ஃபிரிட்ஜ். "மாவு பொங்கிரும்" என்றாள் பூரணம். "பொங்கட்டும், மாவு பொங்குறதுக்குச் சத்தம் கிடையாது" என்றேன். அந்த வாரம் பூராப் புளிச்ச தோசை. நான் ஒரு குறை சொன்னேனா? ஒரு வார்த்தை சொல்லவில்லை. தின்றேன்.

அடுத்தது சுவர்க்கடிகாரம். பாட்டரியைக் கழற்றினேன். எனக்குச் சர்க்கரை மாத்திரையை அவள்தான் மணி பார்த்து எடுத்துத் தருவாள். மணி தெரியாமல், "இப்போ என்ன மணி இருக்கும், இப்போ என்ன மணி இருக்கும்" என்று கேட்க ஆரம்பித்தாள். கேட்கிறதும் சத்தம்தானே? விரலைக் காட்டிக் கேளு என்றேன். அவளும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து விரலைக் காட்டுவாள். நானும் விரலைக் காட்டுவேன். எத்தனை ஒற்றுமை பாருங்க, இந்த வயசில்.

குக்கர் விசில் கூடாதுன்னு பானையில் பொங்கச் சொன்னேன். குழாய் சொட்டுதுன்னு அதன் வாயில் துணியைக் கட்டினேன். வாசலில் ஒரு பூனை வரும், அதை விரட்டினேன். பூனை சத்தமே போடாதுதான். ஆனால் அது வந்தால் பூரணம் "வா ராசாத்தி" என்பாள்.

கிறீச் மட்டும் போகவில்லை.

வெளிச் சத்தமோ என்னவோன்னு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அங்கே வேலம்மாள் தையல் மிஷின் வைத்திருக்கிறாள். காலையில் ஒரு மணி நேரம் மிஷினை நிறுத்தி வைக்கச் சொல்லிப் பணிவாகத்தான் கேட்டேன். ஊசியை வாயில் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, காலையில நீங்க உப்பா வாரீங்க. அடுத்து வெங்காயமா வாரீங்க. மத்தியானம் கண்ணசந்தா முட்டையா வந்து எழுப்புதீங்க. என் காதுக்குள்ள ஒரு சந்தையே கூடிக் கலையுது. நீங்க வந்து என் மிஷினு சத்தம் போடுதுன்னு சொல்லுதீங்களே, இதைக் கேக்க நாட்டுல யாருமே இல்லையா?"

"அது சத்தம் இல்லம்மா, அறிவிப்பு" என்றேன்.

கதவைச் சாத்திவிட்டாள். சாத்தின சத்தம் தனி.

பிறகு மருமகன் சொன்னார், வீடு காலியா இருந்தால் குரல் சுவரில் மோதித் திரும்பும், சுவரில் ஏதாவது ஒட்டணும், கனமான துணி தொங்கவிடணும்னு. முட்டைக்காரனிடம் முட்டை அடுக்குகிற அட்டை வாங்கி ஒட்டினேன். அதோ, சுவர் பூரா. பல்லிக்குக் கொண்டாட்டம், அட்டைக்கு ஒன்று குடியிருக்கு. துணிக்குப் போர்வையைப் பார்த்தேன், கனம் போதாது. பீரோவைத் திறந்தால் பூரணத்தின் கல்யாணப் பட்டு. நல்ல ஜரிகை, நல்ல கனம், ஜன்னலுக்கு அளவெடுத்த மாதிரி. நாலு மூலையிலும் ஆணி அடித்து மாட்டினேன்.

"பட்டுல ஆணியா அடிச்சிருக்கீங்க?" என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நடுவுலயா அடிச்சேன்? மூலையிலதானே அடிச்சிருக்கேன்" என்றேன்.

எவ்வளவு கவனமாக இருந்திருக்கேன் பாருங்க. ஆனால் பொம்பளைகளுக்கு அது புரியாது. உங்களைச் சொல்லலை தங்கச்சி. நீங்க வேலைக்குப் போறவங்க.

அப்புறம் ஒருநாள் ஹெட்போனில் கேட்கும்போது, கிறீச்சுக்கு நடுவில் கிணிங்னு ஒன்று. எனக்குத் தெரியும், அது கண்ணாடி வளையல். அடுப்படியில் அவள் கையை அசைச்சிருக்கிறாள். கிறீச் வேற, கிணிங் வேற, அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் சோதனைன்னு இறங்கிவிட்டால் பாரபட்சம் பார்க்கக் கூடாதில்லையா?

"பூரணம், அந்த வளையலைக் கழட்டி வை" என்றேன்.

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தவசி கொடுத்த வெங்காயம். அப்படியே கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்ன சொல்லுதோம்னு தெரிஞ்சுதான் சொல்லுதீங்களா? நீங்க குத்துக்கல்லு மாதிரி என் முன்னால உக்காந்திருக்கும்போது, என் கை வளையலைக் கழட்டச் சொல்லுதீங்களா?"

"ரெக்கார்டிங் முடியுற வரைக்கும்தானே? பிறகு போட்டுக்கோ."

"பொம்பள வளையலை எப்போ கழட்டுவான்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் தங்கச்சி. புருசன் போனால் கழற்றுவாங்க. அது யாருக்குத் தெரியாது? ஆனால் நான் எங்கேயும் போகவில்லையே, இதே நாற்காலியில்தானே இருந்தேன். அதை எடுத்தும் சொன்னேன். அவள் முந்தானையைக் கிழித்து இரண்டு கையிலும் வளையலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். அடிபட்டுக் கட்டுப் போட்ட மாதிரி. கண்ணில் தண்ணி. வெங்காயத்தோட காரம்தான்.

கிணிங் போய்விட்டது. கிறீச் போகவில்லை.

அப்போதான் என் மூளை வேலை செய்தது. நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து காதை மட்டும் திறந்து வைத்துப் பார்க்கிறேன், ஒரு சத்தமும் இல்லை. "சின்ன வெங்காயம்" என்று ஆரம்பிக்கிறேன், ஒரு கையைக் காதில் வைத்துத்தான் கத்துவேன், அது பழக்கம், அதனால் அப்போது ஒன்றும் கேட்காது. பிறகு போட்டுப் பார்த்தால் கிறீச் இருக்கு. நான் நிறுத்துகிற இடத்தில் அதுவும் நிற்குது. என்ன அர்த்தம்? நான் எப்போ ஆரம்பிக்கிறேன், எப்போ நிறுத்துறேன்னு தெரிஞ்ச ஒருத்தர்தான் செய்யணும். பல்லிக்குத் தெரியுமா? குழாய்க்குத் தெரியுமா? வீட்டில் இருக்கிறது இரண்டு பேர். அதில் ஒருத்தன் நான், நான் கத்திக்கிட்டிருக்கேன். மிச்சம் யாரு?

என்ன தங்கச்சி, தலையில் கை வச்சுட்டீங்க? அங்கேதான் நானும் தலையில் கை வச்சேன்.

"நீ வேணும்னே செய்யுதே" என்றேன் அவளிடம்.

"நானா? நான் மூச்சுகூட விடாம உக்காந்திருக்கேன்."

"அப்போ மூச்சாத்தான் இருக்கும். மெதுவா விடு."

அவள் எழுந்து நின்றாள். கையில் இருந்த கட்டை அவிழ்த்தாள்.

"சத்தம் எங்கயிருந்து வருதுன்னு எனக்கு முதல் நாளே தெரியும். உங்ககிட்டயிருந்துதான் வருது. சொன்னாக் கேக்கணும்லா? கீழ குனிஞ்சு பாருங்கன்னு எத்தனை தடவை கையைக் காட்டினேன்? நீங்கதான் மணி கேக்குதேன்னு நினைச்சு விரலைக் காட்டினீங்க."

பார்த்தீங்களா? ஊரே கேட்டு வெங்காயம் வாங்குகிற குரலைக் கட்டின பொண்டாட்டி சத்தம்னு சொல்லிட்டாள். நான் அதற்கும் கோபப்படவில்லை. "நாலு நாள் மக வீட்டுல இருந்துட்டு வா, சோதனை முடிஞ்சிரும்" என்று தன்மையாகத்தான் சொன்னேன். அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

அவள் போனபிறகு வீடு என்ன அமைதிங்கிறீங்க! கொசு உட்காருகிறது கேட்குது. மாத்திரை போட்டேனா இல்லையான்னு தெரியாது, மணியும் தெரியாது, ஆனால் அமைதி. பழைய பதிவில் அந்தக் கிணிங் வருகிற இடம் இருக்கு பாருங்க, அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். சோதனைக்காகத்தான், வேறு ஒன்றுமில்லை.

பிறகு புதுசாக ஒன்று பதிந்தேன். ஆள் இல்லை, ஃபேன் இல்லை, கடிகாரம் இல்லை, பூனை இல்லை. போட்டுக் கேட்டால், சின்ன வெங்காயம், கிறீச். சின்ன வெங்காயம், கிறீச்.

அப்போ முடிவாகிவிட்டது. பூரணம்மேல் தப்பில்லை. மைக்மேல்தான் தப்பு. போனில் பதிஞ்சப்பவும் வந்துச்சேன்னு கேட்காதீங்க, அது போனோட தப்பு. அதனாலதான் திருப்பி அனுப்புறேன். கதை முடிஞ்சது, இப்போ அமுக்குங்க, பொருள் பழுது.

என்ன? பழுதைக் காட்டணுமா? பேசிக் காட்டுறதை வீடியோ எடுக்கணும்னு கம்பெனி சொல்லியிருக்கா? தாராளமா எடுங்க. ஃபேனை நிறுத்திடுங்க. மைக் மாட்டியாச்சு. எடுக்கிறீங்களா? முகம் தெரியுதா? ம்ம்.

"அம்மா வாங்க... அக்கா வாங்க... சின்ன வெங்காயம் வந்திருக்கு... உரிச்சாக் கண்ணு கலங்கும்... வதக்கினா..."

போதுமா? ஏன் சிரிக்கிறீங்க? காட்டுங்க இப்படி.

யார் இந்தக் கிழவன்? நானா? கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சே. சரி. பேசுறேன். நல்லாத்தான் பேசுறேன். படம் கீழே போகுதே, முகத்தை ஏன் விட்டுட்டீங்க? இது என்ன? இது யார் கால்? அது என்ன பண்ணுது?

மிதிக்குது.

இன்னொரு தடவை போடுங்க.

அம்மா வாங்கன்னா வலது. அக்கா வாங்கன்னா இடது. கால் இறங்கும்போதெல்லாம் இந்த நாற்காலி... சரி, நிறுத்துங்க. தெரியுது. நிறுத்துங்கன்னு சொல்றேன்ல.

இது நாற்காலியோட கோளாறு தங்கச்சி. மடக்கு நாற்காலி, பழசு, மூட்டு தளர்ந்திருக்கும். காலை நானா ஆட்டினேன்? அது தானா ஆடுது. நின்னுக்கிட்டுச் சொல்லிப் பார்க்கவா? இருங்க. "அம்மா வாங்க... அக்கா..." வரலை பாருங்க. நின்னா தொண்டை அடைக்குது. காலைக் கட்டிப் போட்டுட்டுக் கத்துன்னா நான் எப்படிக் கத்துவேன்? அந்தப் பூங்கா பக்கத்து அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாளே, அவள் வரவேண்டியது இந்த வீட்டுக்கு.

அப்போ மைக் நல்ல மைக்கா? ஃபேன் நல்ல ஃபேன். ஃபிரிட்ஜும் நல்லதுதான். ம்ம்.

என்ன, பூரணத்துக்குப் போன் போடணுமா? எதுக்கு? அவளை எதுக்கு இதில் இழுக்கணும்? சொல்லத்தான் வேணுமா? போடாட்டா மைக்கை எடுக்க மாட்டீங்களா? இதெல்லாம் கம்பெனி விதியிலேயே இருக்கா? சரி சரி, முறைக்காதீங்க, போடுறேன். மணி அடிக்குது. எடுத்துட்டாள்.

பூரணமா? நான்தான். ஆமா, சாப்பிட்டேன். மாத்திரையும் போட்டிருப்பேன். அது இருக்கட்டும். அந்தச் சத்தம் இருக்குல்லா, அதைக் கண்டுபிடிச்சாச்சு. ஆமா. கம்பெனியிலயிருந்து ஒரு தங்கச்சி வந்திருக்கு, அதுதான் கண்டுபிடிச்சுது. நாற்காலி. நம்ம மடக்கு நாற்காலிதான். என்னது?

தங்கச்சி, நாற்காலி தானா ஆடிச்சான்னு கேக்கா.

இல்ல பூரணம், நாற்காலி எப்படித் தானா ஆடும்? ஒரு காலு கொஞ்சம் பட்டிருக்கு. ஆமா, காலு. நாற்காலிக் காலு இல்ல, மனுசக் காலுதான்.

யார் காலுன்னு கேக்கா.

இருங்க, போனை மூடிக்கிட்டுச் சொல்றேன். அவளுக்குத் தெரியும் தங்கச்சி. தெரிஞ்சுக்கிட்டே கேக்கா. "ஃபேனை நிறுத்திப் பாத்தீங்க, கடிகாரத்தை நிறுத்திப் பாத்தீங்க, என் கையை, என் மூச்சை எல்லாம் நிறுத்திப் பாத்தீங்க. உங்க காலை மட்டும் ஏன் நிறுத்திப் பாக்கல?"ங்கா. அது யார் காலுன்னு என் வாயால சொல்லணுமாம். சொன்னா சாயந்தர பஸ்ஸுக்கு வாராளாம். சொல்லாட்டா மகளுக்கு அடுத்த பிரசவம் ஆகுற வரைக்கும் அங்கேயேதானாம். மகள் இப்போ முழுகாமலே இல்லை தங்கச்சி!

இரண்டே சொல்லுதான், எனக்கும் தெரியுது. என் காலு. உங்ககிட்ட சொல்லிட்டேன் பாருங்க, எவ்வளவு சுளுவா வருது. அவகிட்ட வரமாட்டேங்குது. போனை வாங்கி நீங்களே சொல்லிடுங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். முடியாதா? தலையை ஆட்டுறீங்க. இரண்டு பேரும் பேசி வச்சுக்கிட்ட மாதிரி இருக்கீங்க.

சரி. உட்கார்ந்துக்கிடுறேன். உட்கார்ந்தால்தான் எனக்கு எதுவும் வரும்.

பூரணம்? ஆமா, லைன்லதான் இருக்கேன். சொல்லுதேன், சொல்லுதேன். அது வந்து... அது என்னன்னா பூரணம்... அந்தக் காலு... அது யாருன்னா...

பூரணம்? ஏன் சிரிக்கே? ஏளா, ஏன் இப்படிச் சிரிக்கே? நான் இன்னும் சொல்லவே இல்லையே. என்னது? கேட்டுட்டியா? என்ன கேட்டே?

தங்கச்சி, ஏன் நீங்களும் என் காலையே பார்க்கிறீங்க?

அட.

கிறீச் கேட்டுட்டாம். போன் வழியா அங்கே வரைக்கும் கேட்டுட்டாம். அது போதுமாம். மகளையும் கூப்பிட்டுப் போனைக் கொடுத்து, "உங்கப்பா சொல்லிட்டாருட்டி, கேளு"ங்கா. அங்கே ஒரே சிரிப்பு. பஸ்ஸுக்குக் கிளம்புறாளாம். மாவு அரைச்சு எடுத்துட்டு வாராளாம், ஃபிரிட்ஜைப் போட்டு வைக்கணுமாம். வச்சுட்டாள்.

தண்ணி குடிக்கிறீங்களா தங்கச்சி? நானும் ஒரு வாய் குடிச்சுக்கிடுறேன். நல்லாக் கவனிச்சீங்கல்லா? நீங்க சாட்சி. கடைசி வரைக்கும் என் வாயால அதை நான் சொல்லவே இல்லை.